பிரிட்டிஷ் முன்னோரைப் பதிவேடுகளில் தேடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்து, பாட்டனாரின் பாட்டனார் எந்த ஊர்க்காரர் என்று அறிய நினைப்பவர் ஒருவர். உதகமண்டலத்துக் கல்லறைத் தோட்டத்தில் ஒரு பழைய கல்வெட்டைப் படித்துவிட்டு அந்தப் பெயரின் பின்னால் போகிறவர் இன்னொருவர். பிரிட்டனில் சம்பந்தம் செய்த பிறகு, பேரப்பிள்ளைகளின் மறுபக்க வம்சத்தைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மூன்றாமவர். மூவருக்கும் வழி ஒன்றுதான்: பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேவாலயப் பதிவேடுகள், உயில்கள். இவற்றில் பெரும்பகுதியை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பெயரைத் தட்டினால் இருபது ஜான் ஸ்மித்துகள் வந்து நிற்பார்கள். அவர்களில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வீட்டு வம்சத்தை நம்முடையதாக எழுதி முடித்துவிடுவோம்.

இந்தப் பதிவேடுகள் வம்சாவளி தேடுகிறவருக்காக எழுதப்பட்டவை அல்ல. எந்தத் தாள் கைக்கு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள்: தகவலைச் சொன்னது யார்? எழுதியது யார்? எதற்காக எழுதினார்கள்? ஒரு பதிவில் எதை நம்பலாம், எதைச் சந்தேகிக்க வேண்டும் என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும்.

முதலில் எந்த நாடு என்று பாருங்கள்

‘பிரிட்டிஷ் பதிவு’ என்று ஒன்று கிடையாது. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் ஒரு முறை, ஸ்காட்லாந்துக்கு வேறு, அயர்லாந்துக்கு வேறு. அரசுப் பதிவு இங்கிலாந்து, வேல்ஸில் 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1, அயர்லாந்தில் 1864 ஜனவரி 1. அயர்லாந்தில் கத்தோலிக்கர் அல்லாதவர்களின் திருமணங்கள் மட்டும் 1845 ஏப்ரல் முதலே பதிவாகின. இந்தத் தேதிகளுக்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுகளே கதி.

தேடலை எப்போதும் தெரிந்த ஆளிலிருந்து பின்னோக்கிக் கொண்டுபோங்கள். ‘நாங்கள் இன்ன பிரபுவின் வாரிசு’ என்ற குடும்பப் பேச்சை நம்பி அந்தப் பிரபுவிலிருந்து கீழே இறங்கி வந்தால், வழியில் எங்காவது ஒரு கண்ணியை வலிந்து மாட்டத் தோன்றும். வீட்டில் இருப்பதை முதலில் திரட்டுங்கள்: குடும்ப பைபிளின் முதல் பக்கம், பதக்கங்கள் (முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் பெயரும் படை எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும்), பழைய கடிதங்கள், புகைப்படத்தின் பின்பக்கம். பெண்களைப் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரிலேயே குறித்துவையுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் தலைமுறையில் யார் யார் என்றே தெரியாது.

நம் ஊரில் தந்தை பெயர் முதலெழுத்தாகி, தலைமுறைக்குத் தலைமுறை பெயர் மாறிப்போவது தேடுகிறவருக்குத் தொல்லை. அங்கே தொல்லை நேர்மாறானது. குடும்பப் பெயர் மாறாது, முன்பெயர்களும் ஏழெட்டுக்குள் சுற்றிச் சுற்றி வரும். ஒரே கிராமத்தில் ஒரே ஆண்டில் பிறந்த மூன்று வில்லியம் கார்ட்டர்கள் இருப்பது சாதாரணம்.

படி 1: பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள்

இங்கிலாந்து, வேல்ஸ் பதிவுகளின் மையம் தலைமைப் பதிவாளர் அலுவலகம் (இனி ஜி.ஆர்.ஓ.). முதலில் அட்டவணையில் பெயரைக் கண்டுபிடிக்க வேண்டும், பிறகு சான்றிதழை வாங்க வேண்டும். அட்டவணைக்கு இலவச வழிகள் இரண்டு: தன்னார்வலர்கள் படியெடுத்த ஃபிரீபிஎம்டி, ஜி.ஆர்.ஓ.வின் சொந்தத் தளம். இரண்டையுமே பாருங்கள், இரண்டும் ஒன்றல்ல. பழைய அச்சு அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். ஜி.ஆர்.ஓ. தளத்திலோ அதை 1837 முதலே சேர்த்திருக்கிறார்கள். இறந்தவரின் வயது பழைய அட்டவணையில் 1866 முதல், ஜி.ஆர்.ஓ. தளத்தில் 1837 முதல். திருமண அட்டவணை மட்டும் ஜி.ஆர்.ஓ. தளத்தில் இல்லை. அதற்கு ஃபிரீபிஎம்டி போன்ற தளங்களுக்குத்தான் போக வேண்டும்.

1983 வரை அட்டவணை காலாண்டு வாரியாக இருக்கிறது: மார்ச் (ஜனவரி முதல் மார்ச் வரை), ஜூன், செப்டம்பர், டிசம்பர். இது பிறந்த தேதியின் காலாண்டு இல்லை, பதிவு செய்த தேதியின் காலாண்டு. பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால், மார்ச்சில் பிறந்த குழந்தை ஜூன் காலாண்டில் இருப்பது வழக்கமே. ஊரிலும் இதே சிக்கல் உண்டு. அட்டவணையில் காண்பது ஊர்ப்பெயர் அல்ல, பதிவு மாவட்டம். ஈஸ்ட் ஹாமிலோ வால்தம்ஸ்டோவிலோ பிறந்தவர் வெஸ்ட் ஹாம் என்ற மாவட்டத்தின் கீழ் இருப்பார். ‘நம் ஊர்ப் பெயர் இல்லையே’ என்று தள்ளிவிடாதீர்கள்.

சான்றிதழை அரசுத் தளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகுத் தளங்கள் அதே தாளுக்குப் பல மடங்கு கேட்கும். 2024 ஏப்ரல் நிலவரப்படி அச்சுச் சான்றிதழ் 12.50 பவுண்டு, பிடிஎஃப் 8 பவுண்டு, உடனே இறக்கிக்கொள்ளும் படிமம் 3 பவுண்டு. படிம வசதி நூறு ஆண்டு கடந்த பிறப்புகளுக்கும் 1887 வரையிலான இறப்புகளுக்கும்தான். திருமணச் சான்றிதழுக்கு மலிவான வழி கிடையாது. ஆனால் திருமணம் தேவாலயத்தில் நடந்திருந்தால், அந்தத் தேவாலயத்தின் பதிவேடே ஏதாவது தளத்தில் படமாக இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். லண்டன் பதிவேடுகளில் பெரும்பகுதி ஆன்செஸ்ட்ரி தளத்தில் இருக்கிறது. மணமக்கள் கையாலேயே இட்ட கையெழுத்து அந்தப் பதிவேட்டில்தான் இருக்கும். ஜி.ஆர்.ஓ. தருவது, காலாண்டுக்கு ஒருமுறை எழுத்தர்கள் படியெடுத்து அனுப்பிய நகல். படியெடுக்கும்போது ‘டி’ ‘எஃப்’ ஆனதும், வரி மாறிப்போனதும் உண்டு. சந்தேகம் வந்தால் உள்ளூர்ப் பதிவு அலுவலகத்திலுள்ள மூலத்தைக் கேட்டுப் பெறலாம்.

சான்றிதழை வாசிப்பது

பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் எழுதப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். ‘மேரி கார்ட்டர், லேட் பிரவுன், ஃபார்மர்லி ஹில்’ என்றிருந்தால் அவர் இப்போது கார்ட்டரின் மனைவி, இதற்கு முன் பிரவுனை மணந்திருந்தவர், பிறந்த வீடு ஹில். ஒரே வரியில் இரண்டு திருமணங்களும் ஒரு பிறந்தகமும் கிடைத்துவிடும். பிறந்த தேதியோடு நேரமும் எழுதியிருந்தால் இங்கிலாந்தில் அது பெரும்பாலும் இரட்டைக் குழந்தை என்பதற்கு அடையாளம். கூடப் பிறந்ததைத் தேடுங்கள். தந்தை கட்டம் வெறுமையாக இருந்தால் பெற்றோர் மணமாகாதவர்கள். 1875 முதல், மணமாகாத தந்தையின் பெயரை எழுத அவரே நேரில் வந்து தாயுடன் சேர்ந்து கையொப்பமிட வேண்டியிருந்தது. பிறப்பைப் பதியாதவருக்கு அபராதம் வந்ததும் அதே ஆண்டில்தான். அதற்கு முன் பதியாமலே விட்ட பிறப்புகள் கணிசம். அதனால் 1850இல் பிறந்தவர் அட்டவணையில் இல்லையென்றால் உடனே பெயர்ப் பிழை என்று முடிவுகட்ட வேண்டாம்.

தகவல் தந்தவரின் பெயருக்கு அருகில் பெருக்கல் குறி இருந்தால் அவருக்கு எழுதத் தெரியாது. பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டதைச் சரிபார்க்கவும் அவரால் முடிந்திருக்காது. குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டல் மாறுவதற்கு இதுவே பெரிய காரணம். ‘எங்கள் பெயரில் இந்த எழுத்து கிடையாது’ என்ற பிடிவாதத்தை 1900க்கு முந்தைய தேடலில் விட்டுவிடுங்கள்.

திருமணச் சான்றிதழில் இரு தரப்புத் தந்தையரின் பெயரும் தொழிலும் இருக்கும். தாயின் பெயர் 2021 மே மாதம்வரை கிடையாது. வயதுக்குப் பதில் ‘ஃபுல்’ என்றிருந்தால் 21 அல்லது அதற்கு மேல் என்று மட்டுமே பொருள், அறுபதாகவும் இருக்கலாம். தந்தை பெயருக்கு அருகில் ‘காலஞ்சென்ற’ என்ற குறிப்பு இருந்தால் நம்பலாம். இல்லை என்பதற்காக அவர் உயிரோடிருந்தார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தந்தை யாரென்று தெரியாதவர்கள் பாட்டன் பெயரையோ தாய்மாமன் பெயரையோ சொல்லிச் சமாளித்ததும் உண்டு. ஆகவே தந்தை பெயரும் மணமகன் குடும்பப் பெயரும் ஒன்றாகவே இருந்தாலும் பிறப்புப் பதிவைப் பார்க்காமல் விடாதீர்கள்.

இறப்புச் சான்றிதழைத்தான் பலர் தேவையில்லை என்று ஒதுக்குகிறார்கள். அதில் வரும் வயது மற்றவர் சொன்னது, இரண்டு மூன்று ஆண்டு முன்பின் இருக்கும். தகவல் தந்தவர் பெயர்தான் அதில் பொன். ‘மகள்’ என்று எழுதி மணமான குடும்பப் பெயருடன் கையெழுத்திட்டிருந்தால், திருமணம் தெரியாமல் தொலைந்துபோன ஒரு மகள் திரும்பக் கிடைத்துவிட்டாள். நோய்ப் பெயர்களில் ‘தைசிஸ்’ என்பது காசநோய், ‘டிராப்சி’ என்பது நீர் கோத்த வீக்கம்.

படி 2: மக்கள்தொகைக் கணக்கெடுப்பு

1801 முதல் பத்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தாலும், நாடு முழுவதும் பெயர்களோடு எஞ்சியிருப்பது 1841 முதல்தான். நூறு ஆண்டு மூடிவைத்துப் பிறகு வெளியிடுவார்கள். கடைசியாக வெளியானது 1921 கணக்கெடுப்பு, 2022 ஜனவரியில். இங்கிலாந்து, வேல்ஸின் 1931 ஏடுகள் 1942 டிசம்பரில் ஹேய்ஸ் என்ற இடத்துக் கிடங்கில் நடந்த தீ விபத்தில் அழிந்தன. குண்டுவீச்சு காரணம் அல்ல. 1941இல் போரினால் கணக்கெடுப்பே இல்லை. இந்த முப்பது ஆண்டு இடைவெளியை ஓரளவு அடைப்பது 1939 செப்டம்பர் 29 அன்று எடுத்த தேசியப் பதிவேடு. அதில் முழுப் பிறந்த தேதி இருக்கிறது. பின்னாளில் தேசிய சுகாதாரச் சேவை அதே ஏட்டைத் தொடர்ந்து பயன்படுத்தியதால், அன்று மணமாகாத பெண்ணின் பெயர் அடிக்கப்பட்டு மேலே மணமான பெயர் எழுதப்பட்டிருக்கும். திருமண அட்டவணைக்கு நேர்வழி அது. படையில் இருந்தவர்கள் அதில் இல்லை. நூறு வயது ஆகாத, இறப்பு உறுதிப்படாதவர்களின் வரிகள் மறைக்கப்பட்டிருக்கும்.

கணக்கெடுப்பு நாள்களைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள்: 1841 ஜூன் 6, 1851 மார்ச் 30, 1861 ஏப்ரல் 7, 1871 ஏப்ரல் 2, 1881 ஏப்ரல் 3, 1891 ஏப்ரல் 5, 1901 மார்ச் 31, 1911 ஏப்ரல் 2, 1921 ஜூன் 19. வயதிலிருந்து பிறந்த ஆண்டைக் கணக்கிட இது வேண்டும். 1881இல் 34 வயது என்றால் பலர் 1881இலிருந்து 34ஐக் கழித்து 1847 என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கெடுப்பு ஏப்ரல் தொடக்கத்தில் நடந்ததால், அவர் 1846 ஏப்ரல் 4க்கும் 1847 ஏப்ரல் 3க்கும் இடையில் பிறந்தவர். ஓராண்டில் முக்கால் பங்கு 1846இல்தான் விழுகிறது. 42 நாள் பதிவு அவகாசத்தையும் சேர்த்தால், தேட வேண்டியது 1846 ஜூன் காலாண்டு முதல் 1847 ஜூன் காலாண்டு வரை. கிடைக்காவிட்டால் இரு பக்கமும் இரண்டிரண்டு ஆண்டு விரியுங்கள்.

1841 தனி ரகம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதச் சொன்னார்கள், 39 வயதுக்காரர் 35 ஆவார். எல்லா எழுத்தர்களும் இதைக் கடைப்பிடிக்கவும் இல்லை. உறவுமுறை கிடையாது. ஒரே வீட்டில் இருக்கும் 40 வயது ஆணும் 35 வயதுப் பெண்ணும் கணவன் மனைவியாகவும் இருக்கலாம், அண்ணன் தங்கையாகவும் இருக்கலாம். பிறந்த இடம், அதே கவுன்டியா (பல பதிவு மாவட்டங்கள் அடங்கிய பெரிய நிர்வாகப் பகுதி) என்பதற்கு ஆம், இல்லை என்ற ஓரெழுத்து மட்டுமே. 1851 முதல் உறவுமுறை, மணநிலை, பிறந்த ஊர் எல்லாம் வருகின்றன. ஆகவே 1851 வரை உயிரோடிருந்த முன்னோர் ஒருவர் கிடைத்தால் அவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், 1837க்கு முந்தைய தேவாலயத்துக்கு வழிகாட்டுபவர் அவர்தான்.

1901 வரை நாம் பார்ப்பது, வீட்டார் நிரப்பிய தாளிலிருந்து கணக்கெடுப்பாளர் படியெடுத்த ஏடு. பிறகு சரிபார்த்தவர்கள் போட்ட கோடுகள் வயதின் மேலேயே விழுந்திருக்கும், 3ஐ 8 என்று வாசிக்கவைக்கும். 1911 முதல் குடும்பத் தலைவர் கையால் நிரப்பிய தாளே எஞ்சியிருக்கிறது.

உறவுச் சொற்களில் ஏமாறாதீர்கள். நமக்கு மாமாவும் சித்தப்பாவும் வேறு, அத்தை மகனும் பெரியப்பா மகனும் வேறு. ஆங்கிலத்தில் ‘அங்கிள்’, ‘கசின்’ என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுவார்கள். அதைவிட, 19ஆம் நூற்றாண்டில் ‘சன் இன் லா’ என்றால் மருமகன் மட்டுமல்ல, மனைவியின் முந்தைய திருமணத்தில் பிறந்த மகனுக்கும் அதே சொல்தான். பத்து வயது ‘மருமகன்’ வீட்டில் இருந்தால், மனைவிக்கு முன்பே ஒரு திருமணம் நடந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

பிறந்த ஊர் ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் மாறுவதும் சகஜம். தொலைவில் போய் வாழ்கிறவர் பக்கத்துப் பெரிய நகரத்தைச் சொல்வார், அருகிலேயே இருப்பவர் சின்னக் கிராமத்தின் பெயரைச் சொல்வார். நாமும் வெளிநாட்டில் ‘மதுரை’ என்றும் மதுரையில் ‘உசிலம்பட்டிப் பக்கம்’ என்றும்தானே சொல்கிறோம்! எல்லாக் கணக்கெடுப்புகளையும் வரிசையாக எடுத்து, ஊர்களை ஒரே வரைபடத்தில் குறித்துப் பாருங்கள். ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (பிரிட்டனின் அரசு நில அளவை) வரைபடங்கள் இலவசம்.

தேடுபொறியில் பெயர் சிக்கவில்லையா? படியெடுத்தவர் தவறாக வாசித்திருப்பார். குடும்பப் பெயரை விட்டுவிட்டு முன்பெயர், வயது, பிறந்த ஊர் மட்டும் கொடுங்கள். அல்லது பெயரின் நடுவில் நட்சத்திரக் குறி போடுங்கள். அல்லது பெயர் அரிதான குழந்தை ஒன்றைத் தேடுங்கள், ஜான் சிக்காத இடத்தில் எபனேசர் சிக்குவான். செல்லப் பெயர்களும் நினைவிருக்கட்டும்: பாலி, மோலி இரண்டும் மேரி, பெக்கி என்பது மார்கரெட், சாலி என்பது சாரா, ஜாக் என்பது ஜான், ஹாரி என்பது ஹென்றி. மூல ஏட்டில் சுருக்கமாக ‘டபிள்யூஎம்’ என்றிருந்தால் வில்லியம், ‘ஜேஏஎஸ்’ ஜேம்ஸ்.

1911ஐயும் ஜி.ஆர்.ஓ. தளத்தையும் இணைக்கும் உத்தி

1911 தாளில் மணமான பெண்களுக்கு ஒரு கேள்வி இருந்தது: மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, இப்போது இருப்பவர்கள் எத்தனை, இறந்தவர்கள் எத்தனை. எட்டுப் பிறந்து மூன்று இறந்ததாக எழுதியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கெடுப்புகளில் தெரிவது ஐந்து பேர்தான். மற்ற மூவரைக் கண்டுபிடிக்க ஜி.ஆர்.ஓ. பிறப்புத் தேடலில் முன்பெயரை வெறுமையாக விட்டு, குடும்பப் பெயரையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் கொடுங்கள். தளம் ஓர் ஆண்டுக்கு முன்பின் இரண்டாண்டுவரைதான் தேடும், ஆண் பெண் தனித்தனியாகத்தான் தேடும். ஆகவே 1885, 1890, 1895 என்று ஐந்தைந்தாக நகருங்கள், ஒவ்வொன்றையும் இருமுறை. அதே மாவட்டத்தில் வரும் கூடுதல் பெயர்களை இறப்பு அட்டவணையில் 0, 1, 2 வயதில் தேடினால் பொருந்திவிடும். எண்ணிக்கை எட்டைத் தொட்டால் பட்டியல் முடிந்தது.

இரண்டு எச்சரிக்கைகள். மணமாகாத தாயின் குழந்தைக்கு அந்தத் தாய்வீட்டுப் பெயர்க் கட்டம் வழக்கமாக வெறுமையாக இருக்கும். தவிர, ‘மணமாகி எத்தனை ஆண்டு’ என்பதில் மூத்த பிள்ளையின் வயதுக்கு ஏற்றபடி ஓரிரு ஆண்டைக் கூட்டிச் சொன்னவர்கள் நிறைய. தேடும் திருமணம் கிடைக்காவிட்டால் அடுத்து வரும் ஆண்டுகளிலும் பாருங்கள்.

படி 3: 1837க்கு முன், தேவாலயப் பதிவேடுகள்

ஒவ்வொரு பங்கிலும் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட பகுதி) ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றைப் பதிய 1538இல் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். அந்தத் தொடக்கத்திலிருந்தே எஞ்சியவை குறைவு. 1598 முதல் ஆண்டுதோறும் ஒரு நகல் ஆயருக்குப் போனது. மூலப் பதிவேடு பூச்சி, ஈரம், தீ என்று போய்விட்டால் இந்த ஆயர் நகல்தான் கைகொடுக்கும். உள்நாட்டுப் போரும் அதையடுத்த குடியரசுக் காலமும் (1640கள், 1650கள்) பல பங்குகளில் ஓட்டை. மூலங்கள் பெரும்பாலும் அந்தந்தக் கவுன்டியின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, ஃபேமிலிசர்ச் தளத்தில் அட்டவணை இலவசம். அட்டவணையோடு நிற்காமல் படத்தையும் பாருங்கள். ஓரத்துக் குறிப்புகள் அட்டவணையில் ஏறுவதில்லை.

1754 மார்ச் 25 முதல் ஹார்ட்விக் சட்டப்படி, குவேக்கர்களும் யூதர்களும் தவிர மற்ற எல்லாரும் ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் மணமுடிக்க வேண்டியிருந்தது. கத்தோலிக்கரும் மெதடிஸ்டுகளும் அங்கேதான் இருப்பார்கள். நம் ஊர்ச் சபைகளில் மூன்று ஞாயிறு ‘ஓலை வாசிப்பது’ போலவே அங்கும் மணமக்கள் இருவரின் பங்கிலும் மூன்று ஞாயிறு அறிவிப்பு உண்டு. மணமகனின் ஊர் தெரியாவிட்டால் ஓலைப் பதிவேட்டில் தெரியும். ஓலை வேண்டாமென்று உரிமம் வாங்கி மணந்தவர்களின் விண்ணப்பத்தில் வயதும் ஊரும் இருக்கும். 1813 முதல் அச்சிட்ட படிவம் வந்தது, ஞானஸ்நானத்தில் தந்தையின் தொழிலும் வசிப்பிடமும், அடக்கத்தில் வயதும் சேர்ந்தன.

இங்கே எல்லாரையும் விழவைக்கும் குழி நாட்காட்டி. 1752க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு தொடங்கியது மார்ச் 25 அன்று. 1723 ஜூனில் பெற்றோர் திருமணம், 1723 பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று ஏட்டில் பார்த்தால், திருமணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளை என்று முடிவுகட்டத் தோன்றும். உண்மையில் அந்தப் பிப்ரவரி டிசம்பருக்குப் பின் வந்தது, நம் கணக்கில் 1724. குறிப்பெழுதும்போது 1723/4 என்று இரண்டையும் எழுதுங்கள். 1752இல் செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14 ஆனது, 11 நாள் காணாமல் போனது. ஸ்காட்லாந்து 1600லேயே ஜனவரி 1க்கு மாறிவிட்டது.

ஒரே பெயரில் இருவர் வந்தால் சரியானவரைத் தேர்வது எப்படி? முதலில் ஒவ்வொருவரையும் ‘கொல்ல’ முயலுங்கள். வில்லியம் கார்ட்டர் 1790இல் ஒருவர், 1792இல் ஒருவர் என்றால் அடக்கப் பதிவேட்டில் குழந்தை வில்லியம் யாராவது இருக்கிறாரா என்று தேடுங்கள். இருந்தால் அவர் உங்கள் முன்னோர் அல்ல. இறந்த குழந்தையின் பெயரையே அடுத்துப் பிறந்ததற்கு வைப்பதும் அன்று சாதாரணம், ஒரே பெற்றோருக்கு இரண்டு வில்லியம் இருந்தால் மூத்தது போய்விட்டது என்று கொள்ளலாம். இரண்டு பேரும் பிழைத்திருந்தால் இருவரின் திருமணம், பிள்ளைகள், இறப்பு எல்லாவற்றையும் தனித்தனியாகக் கட்டி எழுப்புங்கள். மற்றவர் வேறு ஊரில் வேறு மனைவியோடு வாழ்ந்தார் என்று நிரூபணமானால் மிஞ்சுகிறவர் உங்களவர். இந்த வேலையைத் தவிர்த்தால் மரத்தில் ஒரு கிளை பொய்யாக முளைக்கும், அதை இணையத்தில் பத்துப் பேர் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஏற்றிவைத்த மரங்களை ஆதாரமாக எடுக்காதீர்கள், அவர்கள் எந்தப் பதிவைக் காட்டுகிறார்கள் என்பதை மட்டும் பாருங்கள்.

ஸ்காட்லாந்தும் அயர்லாந்தும்

ஸ்காட்லாந்து தேடுகிறவர் அதிர்ஷ்டசாலி. ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் என்ற ஒரே அரசுத் தளத்தில் எல்லாம் இருக்கிறது, படம் பார்க்கக் கட்டணம் சிறிது. அங்கே திருமண, இறப்புப் பதிவுகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் வரும். ஓர் இறப்புப் பதிவே முந்தைய தலைமுறை இருவரையும் தந்துவிடுகிறது. படங்கள் திறக்கும் கெடு: பிறப்புக்கு 100 ஆண்டு, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50.

அயர்லாந்தில் நிலைமை சோகம். 1922 ஜூன் இறுதியில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் நடந்த போரில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தது. 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதியும், அங்கிருந்த பல தேவாலயப் பதிவேடுகளும் உயில்களும் அதில் போயின. 1861 முதல் 1891 வரையிலானவற்றை அரசே முன்பு அழித்துவிட்டிருந்தது. முதன்முதலாக முழுமையாகக் கிடைப்பவை 1901, 1911. இரண்டும் அயர்லாந்து தேசியக் காப்பகத் தளத்தில் இலவசம், அரசுப் பதிவுகளின் படங்களும் வேறொரு அரசுத் தளத்தில் இலவசம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் குடும்பம் எந்த ஊரில் இருந்தது என்பதற்கு, 1847 முதல் 1864 வரை எடுத்த கிரிஃபித் நில மதிப்பீட்டைத்தான் கணக்கெடுப்புக்கு மாற்றாக வைத்துக்கொள்ள வேண்டும்.

மற்ற பதிவுகள், சுருக்கமாக

உயில்கள்: 1858 ஜனவரி முதல் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதற்கும் ஒரே அட்டவணை, அரசுத் தளத்தில் தேடலாம். அதற்கு முன் தேவாலய நீதிமன்றங்கள். அவற்றில் பெரியது கான்டர்பரி, அதன் உயில்கள் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில். 1882ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்துக்கு முன் கணவன் இருக்கும் பெண் உயில் எழுதுவது அரிது. அதனால் விதவைகளையும் மணமாகாத அத்தைகளையும் தேடுங்கள். சகோதரர் பிள்ளைகளை வரிசையாகப் பெயர் சொல்லி எழுதிவைப்பவர்கள் அவர்கள்தான்.

படை: முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் பணிக் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 செப்டம்பர் குண்டுவீச்சில் எரிந்தன. எஞ்சியவை கியூ காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 363 என்ற வரிசையில் இருக்கின்றன. கோப்பு கிடைக்காதவர்களுக்குப் பதக்க அட்டை பெரும்பாலும் இருக்கும். போரில் இறந்தவர்களைக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

தத்தெடுப்பு: இங்கிலாந்தில் சட்டப்படியான தத்து 1927 ஜனவரியில்தான் தொடங்கியது. அதற்கு முன் பாட்டியிடம் வளர்ந்த பேரன் ‘மகன்’ என்றே கணக்கெடுப்பில் நிற்பான். 48 வயதுத் தாய்க்குக் கைக்குழந்தை இருந்து, வீட்டில் 19 வயது மகளும் இருந்தால் பிறப்புச் சான்றிதழ் ஒன்றுக்குச் செலவழியுங்கள். கப்பல் பயணிகள்: பிரிட்டனிலிருந்து புறப்பட்டவர்கள் 1890 முதல் 1960 வரை. குற்றம்: லண்டன் ஓல்டு பெய்லி வழக்குகள் 1674 முதல் 1913 வரை இலவசம், சாட்சி சொன்னவர்களாகவும் முன்னோர் கிடைப்பார்கள்.

இந்தியாவுக்கு வந்தவர்கள்

மதராஸ், வங்காளம், பம்பாய் மாகாணங்களின் தேவாலயங்களில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா அலுவலகப் பதிவுகளில் ‘என்’ வரிசை. என்/1 வங்காளம், என்/2 மதராஸ், என்/3 பம்பாய். 1680இல் திறக்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டை புனித மேரி தேவாலயத்தின் பிற்காலப் பதிவுகளும் இப்படி நகலெடுத்து அனுப்பப்பட்டவை. பல படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தளத்தில் உண்டு, பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் சங்கத்தின் தளத்தில் அட்டவணை இலவசம். நகல் அனுப்ப மறந்த ஊர்களும் இருக்கின்றன. அப்போது இங்குள்ள தேவாலயத்தின் மூலப் பதிவேட்டைத்தான் அணுக வேண்டும். இந்தியத் தாய் என்றால் முன்பெயர் மட்டும் எழுதியோ, பெயரே எழுதாமலோ விட்டிருப்பார்கள்.

சிப்பாயைத் தேடும்போது ஒரு வேறுபாடு முக்கியம். கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தப் படை என்றால் பிரிட்டிஷ் நூலகம். இந்தியாவில் நிறுத்தப்பட்டிருந்த அரச படைப்பிரிவு என்றால் கியூ. படைப்பிரிவின் பெயரைக் கல்லறையிலோ ஞானஸ்நானப் பதிவிலோ உறுதிசெய்யாமல் இரண்டு இடத்திலும் பணம் செலவழிக்க வேண்டாம். இலங்கை 1802இலிருந்து அரச காலனி என்பதால், தோட்டத் துரைமாரை இந்தியா அலுவலகத்தில் தேடுவது பெரும்பாலும் வீண். காலனி அலுவலகத் தாள்கள் கியூவில் இருக்கின்றன.

குறிப்பேடு

ஒவ்வொரு தகவலுக்கும் எந்தப் பதிவு, எந்தக் குறியீடு, எந்தப் பக்கம், எந்த நாளில் பார்த்தது என்று எழுதுங்கள். 1881 கணக்கெடுப்பு என்றால் ஆர்.ஜி. 11 என்ற வரிசைக் குறியீட்டோடு துண்டு எண், ஏட்டின் தாள் எண், பக்க எண் மூன்றும் வேண்டும். தளம் மூடினாலும் சந்தா முடிந்தாலும் அந்த எண்ணை வைத்து யாரும் கண்டுபிடிக்கலாம். தேடிக் கிடைக்காததையும் எழுதிவையுங்கள்: எந்த அட்டவணை, எந்த ஆண்டுகள், எந்த எழுத்துக்கூட்டல்கள். இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்து அதே 1846 ஜூன் காலாண்டை மறுபடியும் புரட்டிக்கொண்டிருப்பீர்கள்.